விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே

சென்ற ஆண்டு ஆவணியில் 68 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மடிக்கணினி வாங்கினேன். வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்த ஒரு பிற்பகலில், வேலையின் நடுவே ‘கொடி’ என்ற சொல்லைத் தட்டியபோது, திரையில் ஒரு ககரம் மட்டும் தனியாக வந்து நின்றது. சற்றுப் பிந்தித்தான் அதன் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பும் வலப்பக்கம் துணைக்காலும் முளைத்து அது ‘கொ’ ஆயிற்று. அதற்குள் என் விரல்கள் அடுத்த சொல்லுக்குப் போயிருந்தன. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும், ககரத்துக்கு ஒரு தட்டு, ஒகரத்துக்கு இன்னொரு தட்டு. கணினி முதலில் ககரத்தை வாங்கி வரைந்துவிட்டு, ஒகரக் குறி வந்ததும் அதே எழுத்தை இரு பக்கமும் விரித்து மறுபடி வரைகிறது. வழக்கமாக இந்த இரண்டாம் வரைவு வந்ததே தெரியாமல் முடிந்துவிடும். அன்று எனக்குத் தெரிந்தது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொம்பும் காலும் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பதிலேயே அன்றைய பொழுது போயிற்று.

நான் மொழிபெயர்ப்பாளர். படம் தொகுப்பதில்லை, கணினியில் விளையாடுவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 சொற்கள் எழுதுகிறேன், அவ்வளவுதான். இணையத்தில் பரவலாக வழங்கும் யுனிகோடு குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு செலவாகும். அந்தக் கணக்கில் என் ஒரு நாள் உழைப்பு சுமார் 75 கிலோபைட். பழைய 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் என் இருபது நாள் உழைப்பை அடைத்துவிடலாம். 10 கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் 10 பகுதிகள், கொண்ட சில்லும் 16 ஜிகாபைட் நினைவகமும் உள்ள ஒரு கணினி இந்த எடையைத் தூக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றால், ஆண்டுதோறும் முன்னிலும் வலுவான சில்லு வருகிறது என்று நாம் படிக்கும் செய்திகளில் எனக்கென்று என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி ஆவணியிலிருந்து தை வரை என்னை விடவில்லை. நடுவில் இரண்டு முறை பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன், இரண்டும் நிலைக்கவில்லை.

1998-ல் திருச்சியில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 32 மெகாபைட் நினைவகம், பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பிட் நோட்டீஸ், அவ்வப்போது யாராவது ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. தட்டச்சுப் பொறியின் வழக்கப்படி அங்கே ‘கொ’ எழுத முதலில் கொம்பைத் தட்டுவோம், பிறகு ககரம், பிறகு கால். மூன்று தட்டுகளுக்கும் மூன்று வடிவங்கள் விரலோடு ஒட்டிக்கொண்டு வருவதுபோல் வரும். அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு புகைப்படம் இருந்தால் போதும், அது மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக விரிவதற்குள் ஒரு வாய்த் தேநீர் குடித்துவிடலாம். சேமிக்காமல் விட்ட பக்கம் கணினி உறைந்தவுடன் போய்ச் சேரும். எல்லாவற்றையும்விட, ஒரு கடையில் அடித்த கோப்பை இன்னொரு கடையில் திறந்தால், அதே எழுத்துரு அங்கே இல்லாத பட்சத்தில், வெறும் கிறுக்கல்தான் தெரியும். இன்று என் எழுத்தை உலகின் எந்த மூலையிலும் யாரும் திறந்து தேடிப் படிக்கலாம். ஆனால் அந்த நன்மையைத் தந்தது வேகமான சில்லு என்று சொல்ல மாட்டேன். எழுத்துக்கு எந்த எண் என்று பலர் உட்கார்ந்து உடன்பட்டதால் வந்தது அது.

இங்கே தமிழின் குறும்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினியின் மூளையையும் செயலி என்கிறோம். கைப்பேசியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளையும் செயலி என்கிறோம். கலைச்சொல் அறிஞர்களுக்கு இது ஒரு குழப்பம். எனக்கோ, நான் சொல்ல வரும் முழுக் கதையும் இந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாகப் படுகிறது: ஒரு செயலி சம்பாதிப்பதை இன்னொரு செயலி செலவழிக்கிறது. வாசிப்பவருக்குச் சிரமம் வேண்டாம் என்று மூளையை இங்கே சில்லு என்றே எழுதுகிறேன்.

ரிச்சி தெருவில் ஒரு பாடம்

முதல் பதில் உண்மையில் 2018-லேயே கிடைத்திருந்தது. அப்போது என்னிடம் 2013-ல் வாங்கிய மடிக்கணினி இருந்தது. காலையில் அதை எழுப்பிவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, காப்பியோடு வந்தாலும் அது இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். சில்லு பழையதாகிவிட்டது, புதிதாக எது வாங்கலாம் என்று கேட்கத்தான் போனேன். அந்த இளைஞர் எதையும் கழற்றவில்லை. திரையில் ஒரு சாளரத்தைத் திறந்து, அதிலிருந்த இரண்டு எண்களைத் திருப்புளியின் முனையால் காட்டினார்.

“அக்கா, பிராசஸர் 4 பர்சன்ட்தான் வேலை பாக்குது. ஹார்டு டிஸ்க்கைப் பாருங்க, 100-லயே நிக்குது. அது கொண்டாந்து குடுத்தாத்தானே இது பாக்கும்?”

மடிக்கணினிகளில் அப்போது பரவலாக இருந்த வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அது முனையின் கீழ் வந்து சேரும்வரை, சராசரியாக அரைச் சுற்று நேரம், சில்லு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நொடிக்கு நூறு கோடிக்கு மேல் கணக்குப் போடக்கூடிய சில்லுக்கு அது ஒரு யுகம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை அந்த இளைஞர் மாற்றிக் கொடுத்தார். அன்றிரவு ரயிலில் மடியில் வைத்துத் திறந்தபோது, ஏதோ தவறாக நடந்துவிட்டதோ என்று பயந்தேன். அவ்வளவு விரைவில் அது விழித்துக்கொண்டது. சில்லு அதே 2013-ஆம் ஆண்டுச் சில்லு. அடுத்த ஏழு ஆண்டுகள் அதில்தான் சோறு தின்றேன். சாதாரணப் பயனருக்கு வலுவான சில்லு தேவையில்லை, சில்லைக் காக்க வைக்கும் மற்ற பாகங்களைத்தான் மாற்ற வேண்டும் என்று கேட்டவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புதிய கணினி அந்தக் கருத்தை உடைத்துவிட்டது. அதில் வன்தட்டு இல்லை, நினைவகத்துக்குக் குறைவில்லை, சில்லைக் காக்க வைக்க எதுவும் இல்லை. ஆனாலும் ககரம் தனியாக நிற்கிறது. என் அக்காள் மகன் பெங்களூரில் சில்லு வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பிழை சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டுப் புலம்பினேன். “சித்தி, உங்க பத்து கோர்ல ஒன்பது தூங்கிட்டிருக்கும்” என்றான். அவன் சொன்னதை அன்றைக்கு நான் முழுதாக ஏற்கவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோது விளங்கியது. 1993-ல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது; 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 ஒன்றரை கிகாஹெர்ட்ஸ். ஏழே ஆண்டில் சில்லின் கடிகாரத் துடிப்பு ஏறத்தாழ 25 மடங்கு. அந்த ஆண்டுகளில் புதிய கணினி என்றால், அதில் எந்த மென்பொருளைப் போட்டாலும், யார் எழுதியிருந்தாலும், எல்லாம் தானாக விரைந்தது. டிடிபி கடையில் வேலை பார்த்த எங்களுக்கு அந்தப் பழக்கம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் 2004-ல், இவற்றைத் தயாரித்த இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய மின்விசையான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே அளவில் குறையும் என்ற பழைய சலுகை தீர்ந்துபோய், துடிப்பைக் கூட்டக் கூட்டச் சூடுதான் மிஞ்சியது. அதன் பிறகு வந்த வலுவின் பெரும்பங்கு, பக்கத்தில் பக்கத்தில் வைத்த கோர்களாக வந்தது. ஒரு வேலையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்ற பகுதி எவ்வளவோ அவ்வளவுக்கு மேல் ஆள் சேர்த்துப் பயனில்லை என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். சோறு வடிக்க அடுப்பு ஒன்றுதான் என்றால், பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்று என்ன ஆகப்போகிறது? தட்டச்சு அந்த ஒற்றை அடுப்பு வேலை. ஒரு தட்டு, ஓர் எழுத்து, அடுத்த தட்டு.

நாற்பத்தொரு சட்டகங்கள்

பொங்கலுக்கு அவன் வந்திருந்தான். மாட்டுப் பொங்கலன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி இந்தப் பேச்சு வந்தது. எனக்கு வயதாகிவிட்டது, அதனால் தாமதம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று கிண்டல் செய்தான். நான் விடவில்லை. கடைசியில், “சரி, எண்ணிப் பாத்துருவோம்” என்றான். அரிசி டப்பாவின்மேல் இரண்டு அகராதிகளை அடுக்கி, அதன்மேல் தன் கைப்பேசியைச் சாய்த்து, விசைப்பலகையும் திரையும் ஒரே படத்தில் விழும்படி வைத்தான். கைப்பேசியில் மெதுவோட்டப் படப்பிடிப்பு நொடிக்கு 240 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்). அதாவது ஒரு சட்டகத்துக்கு 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். நான் ஒரு விசையை அழுத்துவேன். பிறகு அவன் அந்தப் படத்தை விரல் நுனியால் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, விசை அடியைத் தொட்ட சட்டகத்திலிருந்து எழுத்து திரையில் தோன்றிய சட்டகம்வரை எண்ணுவான். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்தோம். “என்னத்தடா எண்ணுறீங்க ரெண்டு பேரும்?” என்று அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் புதிய கணினி. வாடிக்கையாளர் நிறுவனம் தரும் எடிட்டர், உலாவிக்குள் திறப்பது, அதில் 11,000 சொற்கள் உள்ள ஒரு கோப்பு: 41 சட்டகங்கள். ஏறத்தாழ 170 மில்லிநொடி. அதே கணினியில், வடிவமைப்பு எதுவும் இல்லாத வெற்று உரை எடிட்டரில் அதே கோப்பு: 12 சட்டகங்கள், 50 மில்லிநொடி. பிறகு பரணிலிருந்து பழைய கணினியை இறக்கினோம். வெற்று உரை எடிட்டரில் அது 16 சட்டகம் எடுத்துக்கொண்டது. 2013-ல் வாங்கிய கணினி, மெலிந்த மென்பொருளோடு, 68 ஆயிரம் ரூபாய்க் கணினியைக் கனத்த மென்பொருளோடு நிறுத்தி இரண்டரை மடங்கு வேகத்தில் முந்தியிருந்தது. வென்றுவிட்டேன் என்று சிரித்தேன். “இருங்க சித்தி, நாலாவதையும் எண்ணணும்ல?” என்று அவன் பழைய கணினியில் உலாவி எடிட்டரைத் திறந்தான். 72 சட்டகங்கள். 300 மில்லிநொடி. “பாத்தீங்களா? பழசுல 72, புதுசுல 41. நாங்க குடுத்தது வந்து சேந்திருக்கு. அதை வாங்கிச் செலவு பண்ணினது யாரு?”

எண்கள் என் பக்கமா அவன் பக்கமா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் கைப்பேசியைத் திருப்பி என் கையில் கொடுத்தான். பின்பக்கம் இளஞ்சூடாக இருந்தது. “இது இப்ப என்ன பண்ணிச்சுன்னு நினைக்கிறீங்க?” என்றான். ஒரு சட்டகத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 240 சட்டகம் என்றால் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகள். அவற்றை வாங்கி, நிறம் கூட்டி, இரைச்சல் நீக்கி, அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாமல் இருப்பதைக் கழித்துச் சுருக்கி, வந்த வேகத்திலேயே சேமித்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிய ஒரு சில்லு. விசிறி இல்லாமல், மின்கம்பி இல்லாமல். 1998-ல் நான் வேலை பார்த்த கடையில் இதற்கு இணையான ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒரே ஒரு புகைப்படத்துக்குப் பட்டை பட்டையாகக் காத்திருந்தவள் நான். வலுவான சில்லால் எனக்கு ஒரு பயனும் இல்லை என்பதை நிரூபிக்கும் கருவியாக, வலுவான சில்லைத்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலை முழுவதும் நான் அதிகம் பேசவில்லை. அவன், தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கரும்பு தின்றுகொண்டிருந்தான்.

அந்த 41 சட்டகங்களுக்குள் என்ன நடக்கிறது என்று மறுநாள் அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். விசை அழுத்தப்பட்டதை இயங்குதளம் உலாவிக்குச் சொல்கிறது. உலாவி அந்தத் தளத்தின் நிரலுக்குச் சொல்கிறது. நிரல் அந்த ஓர் எழுத்துக்காக வாக்கியத்தைப் பழைய மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிடுகிறது, எழுத்துப்பிழை பார்க்கிறது, சொற்களை எண்ணுகிறது, சேமிக்க ஆயத்தம் செய்கிறது, நான் எப்போது தட்டினேன் என்று குறித்துவைக்கிறது. பிறகு பக்கத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று உலாவி திரும்பக் கணக்கிடுகிறது. கோப்பு நீளமாக இருந்தால் இந்தக் கணக்கும் நீளும். பிறகு எழுத்துருவைக் கொண்டு கொம்பையும் காலையும் பொருத்தி வரைகிறது. கடைசியாக, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையின் அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறது. தமிழ் எழுத்தை வடிப்பதுதான் கனமான வேலை என்று நான் நினைத்திருந்தேன். இந்தப் பட்டியலில் அது மிகச் சிறியது. வெற்று உரை எடிட்டரும் அதே வேலையைச் செய்துதான் 12 சட்டகத்தில் முடித்தது.

பாஸ்கல் என்ற நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைப் பற்றிக் கடிந்து எழுதினார். வன்பொருள் வேகமாகும் விரைவைவிட மென்பொருள் மெதுவாகும் விரைவு அதிகம் என்ற கூற்று அவர் பெயரில் வழங்குகிறது. அவரோ அது கணினி அறிஞர் மார்ட்டின் ரைசர் சொன்னது என்று குறிப்பிட்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று என் தொழிலுக்கு மிக நெருக்கமானது: அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன் ஓர் உரை எடிட்டர் 8,000 பைட்டுக்குள் அடங்கியது, இப்போது அதைப்போல் நூறு மடங்கு கேட்கிறது என்று வருந்தினார். நூறு மடங்கு என்பது 800 கிலோபைட். இன்று ஒரு செய்தித் தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தால் 2 மெகாபைட்டுக்கு மேல் வந்து இறங்குவது சாதாரணம். இருந்தாலும் எழுதுகிறவர்களை முழுக்கச் சோம்பேறிகள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே நிரலை உலாவிக்காக எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ், கைப்பேசி எல்லாவற்றிலும் ஓடும். நான்கு குழுக்களுக்குப் பதில் ஒரு குழு போதும். அந்தச் சிக்கனத்தின் பலனை நானும் அனுபவிக்கிறேன். எதையும் நிறுவாமல், எந்தக் கணினியிலிருந்தும் திறக்க முடிகிறது என்பதால்தான், திருச்சியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எங்கோ இருக்கும் நிறுவனம் வேலை தருகிறது. என் மனக்குறை அதுவன்று. அவர்கள் மிச்சப்படுத்திய உழைப்புக்கான விலையை என் சில்லும், என் மின்கட்டணமும், என் பொறுமையும் கட்டுகின்றன. அந்தக் கணக்கு யாருடைய ஏட்டிலும் ஏறுவதில்லை.

பக்கவாசல்

பின்னாளில் இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். சில்லின் வலு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்று அவர் சொன்னதாகத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அதில் அவர் திரும்பத் திரும்பப் பேசுவது விலையைப் பற்றி: எத்தனை உறுப்புகளை ஒரே சில்லில் சேர்த்தால் ஓர் உறுப்பின் விலை மிகக் குறைவாக இருக்கும் என்பதே கணக்கு. ஆண்டுக்கு இரு மடங்கு என்று அன்று சொன்னதை 1975-ல் இரண்டு ஆண்டுக்கு இரு மடங்கு என்று திருத்தினார். வீட்டுக் கணினிகளும் கையில் எடுத்துச் செல்லும் தொடர்புக் கருவிகளும் வரும் என்றும் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். தையல் சாமான், அழகுப் பொருள்களைப்போல வீட்டுக் கணினியைக் கடை மேசையில் வைத்து விற்கும் கேலிச்சித்திரம்கூட அதில் உண்டு. முதல் பென்டியத்தில் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். 2020-ல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. ஐயாயிரம் மடங்கு. என் தட்டச்சு ஐயாயிரம் மடங்கு வேகமாகவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்த நான், அந்த டிரான்சிஸ்டர்கள் வேறெங்கே போயின என்று கேட்டிருக்க வேண்டும்.

கணிசமான பகுதி தனி வேலைக்காரர்களாகப் போயிருக்கிறது. காணொளியை விரிப்பதற்கென்றே இன்றைய சில்லுக்குள் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். யூடியூப் அனுப்பும் புதிய வகைச் சுருக்கத்தை விரிக்கும் மூலை இல்லாத பழைய கணினியில், பொதுக் கோர்கள் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். விசிறி அலறும், மின்கலம் கரையும். அந்த மூலை இருக்கும் கணினியில் இரண்டரை மணி நேரப் படம் பார்த்தாலும் அடிப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. மறையாக்கமும் அப்படித்தான். வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் கைப்பேசியில் படங்களைச் சேமிக்கும்போதும் எல்லாம் பூட்டப்பட்டே போய்வருகின்றன. அந்தப் பூட்டுக்கென்று தனிக் கட்டளைகளை இன்டெல் 2010-லிருந்து தன் சில்லுகளில் வைக்கத் தொடங்கியது. அவை இல்லாத மலிவுக் கைப்பேசிகள் இந்த வேலையில் தடுமாறியதால், அவற்றுக்காகவே அடியாண்டம் என்ற வேறொரு பூட்டு முறையைக் கூகுள் 2019-ல் வெளியிட்டது. இப்படிப்பட்ட பயன்களை நாம் உணர்வதில்லை. பூட்டு சத்தம் போடாமல் இருப்பதற்கு யார் நன்றி சொல்வார்கள்? சில்லின் வலு முன்வாசல் வழியாக வேகத்தோடு வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அது பக்கவாசல் வழியாக வந்து அடுப்படியில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் புலம்பலுக்கு எதிர்வாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கைப்பேசியில் எழுத்துகளைத் தேடித் தட்டும் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை. தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியைக் கூகுள் 2017-ல் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து அக்காள் மகன்தான் அதை அம்மாவின் ஒன்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் காட்டிக் கொடுத்தான். இப்போது பேத்திக்கு மோர்க்குழம்புப் பக்குவத்தை, ‘அரைக்கிறதுக்கு முந்தி அரிசிய ஊற வைடி’ என்பதுவரை, வாயால் சொல்லி எழுத்தாக அனுப்புகிறார்கள். சில சமயம் அது தப்பாகப் புரிந்துகொண்டால், காது கேளாதவரிடம் பேசுவதைப்போலக் குரலை உயர்த்தி மறுபடி சொல்வார்கள். இணையம் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கடுமையான வேலை அம்மாவின் கையில் நடப்பதில்லை, எங்கோ ஒரு தரவு மையத்தின் சில்லுகளில் நடக்கிறது. இரண்டு அடுத்தடுத்த தலைமுறைச் சில்லுகளுக்கு இடையே 20 விழுக்காடு வேகம் கூடியதா 30 விழுக்காடு கூடியதா என்பது அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த விழுக்காடுகள் ஓர் அளவுக்குமேல் குவிந்ததும், அதுவரை முடியாதிருந்த ஒரு காரியம் திடீரென்று முடிந்தது. எனக்கு அப்படி எதுவும் நிகழாததற்குக் காரணம் ஒருவேளை எளிமையானது: தட்டச்சு செய்தல் 1998-லேயே முடிந்துபோன காரியம். முடிந்த காரியத்தில் வலுவைக் கொட்டினால் அது பயனருக்கு வந்து சேர்வதற்கு முன் வேறு யாராவது எடுத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மட்டும் ஆறவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. விரும்புகிறவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லும் வேண்டும். பாதுகாப்புக்காகவே இந்த வரம்பு என்கிறார்கள். அதை மறுக்கும் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் 2017-க்கு முன் வாங்கப்பட்ட பெரும்பாலான கணினிகள், அவற்றின் சில்லு 4 விழுக்காடு வேலை பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும், வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டன. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமிலவாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியிலேயே வெளியேறிவிடுகிறது. தேய்ந்த மிதியடியைத் தூக்கிப் போடுகிறோம், சரி. தேயாததைப் போடுவதற்கு என்ன பெயர் சொல்வது?

பழைய கணினி பரணுக்குத் திரும்பவில்லை. பொங்கல் முடிந்து ஊருக்குப் போகுமுன் அக்காள் மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். இப்போது மொழிபெயர்ப்பை அதில், வெற்று உரை எடிட்டரில் எழுதுகிறேன்; ஒவ்வொரு பத்தி முடிந்ததும் புதிய கணினியில் திறந்திருக்கும் உலாவி எடிட்டருக்குள் ஒட்டுகிறேன். இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு நான் செய்யும் இந்தக் கூத்தைப் பார்த்து அம்மா, ஒன்றை விற்றுவிட்டு வளையலாவது வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். மாலையில் அவர்களே புதியதைத் தூக்கிக்கொண்டு போய்த் தொடர் பார்க்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் சார்ஜரைத் தேடுகிறார்கள்.

போன வாரம் அந்த எடிட்டரைப் புதுப்பித்திருந்தார்கள். வலப்பக்கம் ஒரு புதிய பலகை. நான் எழுதி முடிக்கும் முன்பே அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்கிறது. ஊகம் பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கிறது. அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு, அரிசி டப்பாவின்மேல் அகராதிகளை அடுக்கி, என் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஒற்றை ஆளாக மறுபடி எண்ணினேன். 47.